பிடியின் உள்பக்கம்

மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டுத்தான் அண்ணன் காலையில் வெளியே கிளம்பினான். சொன்னான் என்பதைவிடக் கெஞ்சினான் என்றே சொல்லலாம். “அவசரமே இல்லம்மா, மெதுவா எடுத்து வை. நாளைக்குப் பிடி போடப் புது ஆள் வர்றான். அவனுக்கு உக்கார ஒரு இடம் வேணும் பாரு.” தேன் தடவிப் பேசுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டறையில் அவன் வேலை கத்தி அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. பேச்சும் அதே பழக்கத்துக்கு வந்துவிட்டது.

சின்னவள் தலையாட்டினாள். வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு அதுதான் பேர். அண்ணனைவிடச் சின்னவள், அவ்வளவுதான் கணக்கு. காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பேர் அவளை விடவில்லை.

ஜன்னலுக்குக் கீழே இருந்த அந்த மேசை ஒரு காலத்தில் அவளுடைய ராஜ்யம். காட்டுக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு போகும் தடித்த கத்திகள் அந்தப் பட்டறையில் தயாராகும். அண்ணன் அலகு செய்வான், இவள் மரப்பிடி போடுவாள். பிடி வெடித்துப்போன கத்திகளும், நனைந்து ஊறி ஆட்டம் கண்ட கத்திகளும் ஊர் ஊராக இவளைத் தேடி வந்ததுண்டு.

பிடி போடுவதில் பெரிய மந்திரம் ஒன்றும் கிடையாது. அலகின் பின்பக்கம் நீண்டு பிடிக்குள் போகும், அதற்கு வால் என்று பேர். வாலின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு மரக்கட்டை வைத்து, நடுவில் பசை பூசி, குறுக்கே பித்தளை ஆணி அடித்து இறுக்க வேண்டும். வெளிப்பக்கம் உள்ளங்கைக்கு இதமாக வழவழவென்று இருக்கலாம். உள்பக்கம் மட்டும் சொரசொரப்பாக இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் பசை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? சின்னவள் உடைந்த ரம்பத்துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு கட்டையின் உள்பக்கத்தையும் இரும்பு வாலையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறித் தள்ளுவாள். அண்ணனுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“உள்ள இவ்வளவு அசிங்கமா வச்சிருக்கியே?”

“யாரு பாக்கப் போறா?”

“யாரும் பாக்கலேன்னா? நல்லா இருந்தா என்ன, குறைஞ்சா போயிடும்?”

“பசை பாக்கும்ணா. அதுக்கு இப்படி இருந்தாத்தான் பிடிக்கும்.”

எத்தனை முறை இந்தச் சண்டை! அம்மா உயிரோடு இருந்தபோது உள்ளே இருந்தபடியே, “ரெண்டும் வாயை மூடுங்க, குக்கர் சத்தமே கேக்கல” என்று அதட்டுவாள்.

அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அம்மாவின் உயிர் போகும்வரை சின்னவள் கட்டில் பக்கத்தைவிட்டு நகரவில்லை. மாற்றுத் துணியைக்கூட அண்ணிதான் கொண்டுவந்து கொடுத்தாள். காரியமெல்லாம் முடிந்து, பட்டறைப் பக்கம் திரும்பியபோது அண்ணன் அவளை உட்கார வைத்து அந்தச் சேதியைச் சொன்னான். காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப் போகிற வழிகாட்டி ஒருவர் விறகு பிளந்துகொண்டிருந்தபோது பிடி கழன்றுவிட்டதாம். கை வழுக்கி அலகின் மேல் போய், ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டதாம்.

“நீ போட்ட பிடிதான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி தட்டு நிறையப் போட்டு வச்சிருந்தியே, அதுல ஒண்ணு. உன் மனசு அப்ப இங்க இல்ல. நீ என்னம்மா பண்ணுவே, பாவம்.”

அந்தக் கத்தியை அவள் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்கவும் வாய் வரவில்லை. ஒரு மனுஷனின் விரல்! ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாட்களில் எதைச் செய்தோம், எதை விட்டோம் என்று அவளுக்கே நினைவில்லை. கீறாமல் ஒட்டியிருப்போமோ, பசை சரியாகக் கலக்கவில்லையோ என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். ‘இனிமேல் பிடி போடாதே’ என்று அண்ணன் சொல்லவேயில்லை. அவளாகவே துளைபோடும் மெஷினைக் கீழே வைத்தாள். அதிலிருந்து கத்திக்குத் தோல் உறை தைப்பதுதான் அவள் வேலை. அண்ணி மட்டும் அவ்வப்போது தலையைத் தடவி, “போனா போகுது விடு. தப்பு எல்லார் கையிலயும்தான் வரும்” என்பாள். அந்தத் தோளில் சாய்ந்து சின்னவள் அழுத அழுகைக்கு அளவே இல்லை.

சரி, மேசைக்கு வருவோம். கட்டையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளை ஒரு பெட்டியில் போட்டாயிற்று. உப்புத்தாள், எண்ணெய் டப்பா எல்லாம் இன்னொன்றில். ரம்பத்துண்டைக் கையில் எடுத்தபோதுதான் வாசலில் நிழலாடியது.

“அண்ணன் இருக்காரா?”

“வெளிய போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க. என்ன வேணும்?”

வந்தவர் வெயிலில் கறுத்த ஆள். தோள்பையிலிருந்து துணி மூட்டை ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே பிடி பாதி போன கத்தி. தனியாக ஒரு மரக்கட்டை. பிரித்த கையில் ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது.

அவள் ரம்பத்துண்டைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள்.

“என் பொண்ணு இப்ப எங்கூடவே காட்டு வேலைக்கு வர்றா” என்றார் அவர். “நல்ல இரும்பு, தூக்கிப் போட மனசு வரல. பிடி மாத்தி அவளுக்குக் குடுக்கலாம்னு வந்தேன். ஒண்ணே ஒண்ணு, அண்ணன் கையாலதான் போடணும். அவருக்கு ஒரு தங்கச்சி இருக்காமே, அன்னிக்கு இதுக்குப் பிடி போட்டது அவங்கதான்னு அண்ணன் சொன்னாரு, அந்தம்மா கை இதுமேல படவே கூடாது. தப்பா நினைக்காதீங்க. நீங்க இங்க வேலை பாக்குறவங்களா?”

“ஆமா” என்றாள். “உறை தைக்கிறேன்.”

“நல்லது. என் மேலயும் தப்பு இருக்கு, அன்னிக்கு ரொம்ப அவசரப்படுத்திட்டேன். நான் வந்தப்ப கடை பாதி சாத்தியிருந்துச்சு. அம்மாவை ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம், இன்னொரு நாள் வாங்கன்னாரு. பழைய பிடி வெடிச்சிருச்சு, காலையில காட்டுக்குப் போகணும், எப்படியாவது மாத்திக் குடுங்கன்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். விடிஞ்சதும் வாங்கிட்டுப் போனேன்.” அவர் விரலைப் பார்த்துக்கொண்டார். “சரி, கடைத்தெருவுல கயிறு வாங்கணும். அதுக்குள்ள அவரு வந்துட்டா சொல்லுங்க.”

அவர் படியிறங்கிப் போன பிறகும் சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்த கத்தியா? அப்படியென்றால் தட்டில் இருந்த கத்தி எப்படி இதுவாகும்? தட்டு நிறையப் போட்டு வைத்துவிட்டுப் போனதெல்லாம் அதற்கு முன்னால் அல்லவா! ஒருவேளை அந்த மனிதருக்கு நாள் குழம்பியிருக்கும். பாருங்கள், அப்போதும் அவள் மனசு அண்ணனுக்குத்தான் வக்காலத்து வாங்கியது.

தனியாகக் கிடந்த கட்டையைத் திருப்பினாள். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. இந்த மனிதர் பையில் போட்டுப் போட்டுத் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதைச் சரிபார்க்கத்தான் ஒட்டிக்கொண்டிருந்த மறுபக்கத்தையும் பிரித்துப் பார்த்தாள். ஆணியை எதிர்ப்பக்கமிருந்து மெதுவாகத் தட்டினாள். இவள் போட்ட பிடியை எடுக்க வேண்டுமென்றால் உளி வைத்துப் பிளந்து, மிச்சத்தைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். இது என்னடாவென்றால், ஆணி நகர்ந்ததும் கட்டை தானாகவே கையோடு வந்துவிட்டது. பசை பால் ஏடு போல முழுசாக உரிந்தது. அதற்குக் கீழே இரும்பு வால் ஜொலிக்கிறது! குனிந்தால் அவள் முகமே அதில் தெரிந்தது.

கட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். மரத்தின் ரேகைகளுக்குள் பச்சையாக ஏதோ அடைந்திருந்தது. நகத்தால் கிள்ளி முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. அண்ணனின் பாலிஷ் சக்கரத்தில் தடவுகிற பச்சை மெழுகு. அந்தச் சக்கரத்தை அவனைத் தவிர யாரும் தொட்டது கிடையாது, அவன் தொடவிட்டதும் கிடையாது. பிடிக்குள் போகிற வாலுக்கும் கட்டையின் உள்பக்கத்துக்கும் பாலிஷ் போட்டு ஒட்டுகிற மனுஷன் உலகத்தில் ஒருத்தன்தான் இருக்க முடியும். நல்லா இருந்தா குறைஞ்சா போயிடும் என்று கேட்டவன்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட உடனே வரவில்லை. முதலில் வந்தது வெட்கம்தான். இவ்வளவு நாளும் எந்தக் கத்தியைப் பார்த்தாலும் கையை மடியில் ஒளித்துக்கொண்டாளே, அந்தக் கைகளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பிறகுதான் நெஞ்சு கொதித்தது. இரண்டு கட்டைகளையும் வேலைக்காக இடுப்பில் கட்டியிருந்த முன்துணியின் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அண்ணன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். நிறைந்திருந்த பெட்டிகளைப் பார்த்து, “பரவாயில்லையே, பாதி வேலை முடிஞ்சுதே” என்றான். அப்புறம் மேசைமேல் இருந்த கத்தியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“யாரு குடுத்தது?”

“விரல் போனவர்.”

“நீ எதுக்குப் பிரிச்சே?”

“எதுக்குப் பிரிச்சேனா? வால்ல யாருண்ணா பாலிஷ் போட்டது?”

அவன் கத்தியைக் கையில் எடுத்தான். ஏதோ பார்ப்பதுபோலத் திருப்பினான். அடுத்த நொடி இரும்பைத் தேய்க்கும் பெல்ட் மெஷின் உறுமியது. அவள் “ஐயோ” என்பதற்குள் வாலின் ஒரு பக்கம், மறுபக்கம் என்று இரண்டு இழுப்பு. பொறி பறந்தது. ஜொலித்த இரும்பு சாம்பல் நிறமாகச் சொரசொரத்துப் போனது. மெஷினை நிறுத்திவிட்டு அவன் மூச்சு விட்டான்.

“இப்ப சரியாயிடுச்சு பாரு. இதுல பேச என்ன இருக்கு?”

அடப்பாவி! கேட்ட கேள்விக்குப் பதிலைத் தேய்த்தே அழித்துவிட்டான்.

“நீதான் போட்டே” என்றாள் சின்னவள். “நான் அம்மா பக்கத்துல உக்காந்திருந்தப்ப நீ போட்டே. என் தலையில கட்டினே.”

“கத்தாதே. அண்ணன்தானே, வேற யாரோ இல்லையே. அந்த ஆளு வந்து நின்னப்ப எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கடை என் பேருலதானேம்மா ஓடுது? என் கை தப்புன்னு வெளிய போனா அப்புறம் யாரு படியேறுவா? உன்னைன்னா, அம்மா போன துக்கத்துல இருந்தா பாவம்னு ரெண்டு நாள் பேசிட்டு விட்டுடுவாங்க. அப்படித்தானே விட்டாங்க? உன்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

“என்னை நானே கேட்டேனே! தினம் கேட்டேனே! அம்மா சாவைக் கூட விட்டு வைக்கலியே நீ. நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியேண்ணா.”

சத்தம் கேட்டு அண்ணி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். மேசையையும் கத்தியையும் இருவர் முகத்தையும் பார்த்தாள். சின்னவளின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கணவனைத்தான் அதட்டினாள்.

“நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டீங்களா? அவகிட்டச் சொல்லிடுங்க, சொல்லிடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!”

சின்னவள் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். அண்ணிக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. தோளைத் தொட வந்த கை நடுவிலேயே நின்றுவிட்டது.

“உங்களுக்கும் தெரியுமா அண்ணி?”

அண்ணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்தத் தோளில் விழுந்து அழுததெல்லாம் சின்னவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தப்பு எல்லார் கையிலயும்தான் வரும். ஆமாம், யார் கையில் வந்தது என்று தெரிந்துகொண்டேதான் தலையைத் தடவியிருக்கிறாள். அண்ணன் செய்ததைவிட இதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். “வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும். உன் மேசையை யாரும் எடுக்கல, சரியா? புது ஆளை வேணாம்னு சொல்லிடறேன். நாளையிலேருந்து நீயே உக்காரு. அந்த ஆள்கிட்ட மட்டும் வாயைத் திறக்காதே.”

எதற்காக இவ்வளவு நாள் ஏங்கினாளோ அதை ஒரு மூச்சில் தூக்கிக் கொடுக்கிறான், பாருங்கள்! விலை மட்டும் அவள் வாய். ஒரு கணம் அவள் மேசையைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்திருந்தது. ஆசை இல்லாமல் இல்லை.

வழிகாட்டி கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். “வந்துட்டீங்களா! விஷயம் சொன்னாங்களா?”

“சொன்னாங்க, சொன்னாங்க. நானே பக்கத்துல இருந்து பாத்துக்கறேன். பழசெல்லாம் மறந்துடுங்க” என்று அண்ணன் சிரித்தான்.

சின்னவள் முன்துணிப் பைக்குள் கையை விட்டாள். இரண்டு கட்டைகளையும் எடுத்து அந்த மனிதரின் உள்ளங்கையில், உள்பக்கம் மேலே தெரிய வைத்தாள்.

“தடவிப் பாருங்க. ஒட்டுற பக்கம் இது. இப்படி வழவழன்னு இருந்தா பசை நிக்காது. இதுல அடைஞ்சிருக்கிற பச்சை, அதோ அந்தச் சக்கரத்து மெழுகு. அந்தத் தங்கச்சி நான்தான். இது நான் போட்ட பிடி இல்ல.”

அவர் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். சக்கரத்தைப் பார்த்தார். அதன் விளிம்பில் அதே பச்சை. அப்புறம் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

“யாரு போட்டது?”

சின்னவள் காத்திருந்தாள். வாயால் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை எப்படியாவது பொறுத்துக்கொள்ளலாம் என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தாள்.

“அது… அன்னிக்கு இருந்த அவசரத்துல… ரெண்டு பேரும் சேர்ந்துதான் போட்டோம்” என்றான்.

மாட்டிக்கொண்டபோதும் பாதியை அவள் தலையில்தான் கட்டுகிறான்! அண்ணி முகத்தை மூடிக்கொண்டாள்.

வழிகாட்டி அவசரப்படவில்லை. இரண்டு கட்டைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “சேர்ந்து போட்டீங்களா? சரி. கட்டை ரெண்டு இருக்கு. எது உங்களோடது, எது அவங்களோடது?”

இரண்டும் ஒரே மாதிரி மின்னின. அண்ணன் அவற்றைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அம்மா வரும்போது பார்ப்பானே, அதே பார்வை. அந்தப் பார்வைக்கு அவள் எத்தனையோ முறை, “நான்தாம்மா” என்று சொல்லியிருக்கிறாள்.

“அன்னிக்கு என் கை எங்கம்மா கையைப் பிடிச்சிட்டு இருந்துச்சுங்க” என்றாள் அவள். “இதுல எதுவும் என்னோடது இல்ல.”

வழிகாட்டி கயிற்றைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வெகுநேரம் தன் விரலையே பார்த்தார்.

“மழை வந்தா இது விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும்மா. தெறிக்கும்போதெல்லாம் உங்களைத்தான் சபிப்பேன். முகம் தெரியாத உங்களை எவ்வளவு சபிச்சிருக்கேன் தெரியுமா?”

“தெரியுங்க” என்றாள் சின்னவள். “நானும் கூடச் சேர்ந்து சபிச்சேன்.”

அவர் கத்தியை எடுத்து, அலகைத் தன் பக்கம் வைத்து, வாலை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். பெட்டியில் போட்ட கிளாம்புகளைத் திரும்ப மேசையில் எடுத்து வைத்தாள். அடுக்கிலிருந்து நல்ல காய்ந்த மரமாக இரண்டு துண்டு தேடினாள். அண்ணன் பின்னாலேயே வந்து, தேன் தடவாத குரலில் கேட்டான்.

“சின்னவளே, என்னைப் பாரேன்.”

“உங்க பொண்ணுக்குக் கை சின்னதா, பெருசா?” என்று அவள் வழிகாட்டியிடம் கேட்டாள்.

“உங்க கை அளவுதான் இருக்கும்.”

ரம்பத்துண்டை எடுத்துக் கட்டையின் உள்பக்கத்தைக் கீறத் தொடங்கினாள். குறுக்கே, நெடுக்கே. அண்ணி கொண்டுவந்து வைத்த டீ பக்கத்திலேயே ஆறிக்கொண்டிருந்தது. கீறி முடித்ததும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அசிங்கமாகத்தான் இருந்தது. அப்புறம் பசையைக் கலக்க ஆரம்பித்தாள்.

“இதை முடிச்சுட்டு மேசையைக் காலி பண்ணிடறேன்” என்றாள், யாரையும் பார்க்காமல். “கிளாம்பும் இந்த ரம்பத்துண்டும் என்னோடது. எடுத்துட்டுப் போறேன்.”